காற்றடுப்பில் கனிப் பாகு

கலியாணம், கிருகப்பிரவேசம், நவராத்திரிக் கொலு என்று வருஷத்தில் ஏதாவது ஒரு வைபவம் நமது வீடுகளில் நடந்துகொண்டேயிருக்கிறது. வைபவம் முடிந்த மறுநாள் கூடத்து மூலையைப் பார்த்தால், அங்கே பழங்கள் குவிந்து கிடக்கும். இரண்டு சீப்பு வாழைப்பழம், ஐந்தாறு ஆப்பிள், தலையில் கிரீடம் தரித்த அன்னாசி ஒன்று. வந்த பழங்களை வீட்டிலுள்ளவர்கள் தின்று தீர்ப்பதற்குள் அவை ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டு கனியத் தொடங்கிவிடுகின்றன. இதில் ஆப்பிளின் கைங்கரியம் வேறு உண்டு. கனிந்த ஆப்பிளிலிருந்து எத்திலீன் என்னும் வாயு வெளிப்படுகிறது. அது பக்கத்திலிருக்கும் வாழைப்பழத்தையும் விரைவில் கனிய வைத்துவிடுகிறது. மூன்றாம் நாள் வாசனை. நாலாம் நாள் ஈ. ஐந்தாம் நாள் குப்பைத் தொட்டி. மங்களகரமான பண்டம் இப்படி வீணாவதைப் பார்த்து மனம் நோகாத குடும்பம் இல்லை.

அதே வீட்டில், அடுக்களை மேடையின் ஒரு கோடியில், கறுப்பு நிறமாய் வயிறு பருத்த யந்திரம் ஒன்றும் சில சமயம் உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் ஏர் ஃப்ரையர். தீபாவளித் தள்ளுபடியின்போது வாங்கியதாக இருக்கலாம்; வெளியூரிலிருக்கும் பிள்ளையோ பெண்ணோ அனுப்பி வைத்ததாகவும் இருக்கலாம். முதல் வாரம் அதில் உருளைக்கிழங்கு வறுபட்டது. இரண்டாவது வாரம் அப்பளம் பொரிந்தது. மூன்றாவது வாரம் அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டு மூடியாகிவிட்டது.

வீணாகும் பழத்தையும் வேலையற்ற யந்திரத்தையும் சேர்த்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழத்தை மெல்லிய துண்டங்களாக அரிந்து, அதிலுள்ள இனிப்பே பாகாகி மேலே பொன்னிறமாக முறுகும்படி செய்வதை மேல்நாட்டார் 'கேரமலைஸ்' செய்தல் என்கிறார்கள். அதை இந்த யந்திரத்தில் மிகவும் நன்றாகச் செய்யலாம். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. யந்திரத்தை விற்பவர்கள் எண்ணெய் மிச்சம் என்பதைத்தான் முரசறைகிறார்கள். பழத்தைப் பொறுத்தவரையில் எண்ணெய் மிச்சம் ஒரு பிரமாதமான லாபமே அன்று. மிச்சம் பிடிக்கவேண்டிய பொருள் சர்க்கரை. அதை எப்படி மிச்சம் பிடிப்பது என்று அறிந்துகொண்டால் யந்திரம் வாங்கிய பணம் வீண் போகவில்லை என்று திருப்தியடையலாம்.

பெயரும் பொருளும்

'ஃப்ரை' என்றால் எண்ணெயில் பொரிப்பது என்று பொருள். இந்த யந்திரத்திலோ எண்ணெய்ச் சட்டியும் இல்லை, பொரிப்பதும் இல்லை. உள்ளே மேற்புறத்தில் மின்சாரத்தால் சிவக்கும் கம்பிச் சுருள் ஒன்று. அதற்கும் மேலே வேகமாகச் சுழலும் விசிறி ஒன்று. கீழே துவாரங்கள் நிறைந்த கூடை ஒன்று. கம்பிச் சுருளில் காய்ந்த காற்றை விசிறி கீழே தள்ளுகிறது. அது கூடையிலுள்ள பண்டத்தைச் சுற்றிப் புகுந்து, துவாரங்களின் வழியாக இறங்கி, மறுபடியும் மேலே ஏறுகிறது. ஆகையினால் இதற்குக் காற்றடுப்பு என்று பெயர் வைத்திருந்தால் பொருத்தமாயிருக்கும். நாம் இங்கே அப்படியே அழைப்போம்.

விசிறி வைத்த அடுப்பு புதிய யோசனை என்றும் சொல்வதற்கில்லை. 1940-களில் அமெரிக்காவில் வில்லியம் மாக்ஸன் என்பவர், ஆகாய விமானத்தில் பிரயாணம் செய்கிறவர்களுக்காக, உறைந்த சாப்பாட்டுத் தட்டுகளைச் சூடாக்குவதற்கு இத்தகைய அடுப்பு ஒன்றைச் செய்தார். அதற்குச் 'சுழற்காற்று அடுப்பு' என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார். பிற்காலத்தில் ரொட்டிக் கிடங்குகளிலும் பெரிய ஹோட்டல்களிலும் விசிறி அடுப்புகள் சாதாரணமாகிவிட்டன. அந்தப் பெரிய அடுப்பை ஒரு சிறிய பெட்டிக்குள் சுருக்கி, வீட்டு மேடைக்கு ஏற்றதாக்கிய பெருமையில் ஹாலந்து தேசத்தைச் சேர்ந்த ஃப்ரெட் வான் டெர் வெய் என்பவருக்கு முக்கியமான பங்கு உண்டு. 2010-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்துக் கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனியார் அதை ஏர் ஃப்ரையர் என்ற பெயருடன் உலகத்துக்கு அறிமுகம் செய்தார்கள். பெயரில் பொரியல் இருந்ததனால் ஜனங்கள் பொரியலையே எதிர்பார்த்தார்கள். வாழைப்பழ பஜ்ஜிக்கு மாவு கரைத்துக் கூடையில் வைத்தவர்கள், மாவெல்லாம் துவாரங்களின் வழியே ஒழுகிப் போனதைக் கண்டு ஏமாற்றமடைந்தார்கள். காற்றடுப்பிடம் எண்ணெய்ச் சட்டியின் வேலையை வாங்க முயன்றதுதான் அதற்குக் காரணம்.

ஆடிக் காற்றும் அடுப்புக் காற்றும்

இந்த அடுப்பு எந்த வேலைக்குத் தகுந்தது? ஈரத்தை விரட்டும் வேலைக்கு. ஆடி மாதத்தில் கொடியில் உலர்த்திய வேட்டி ஒரு நாழிகைக்குள் காய்ந்துவிடுகிறது. அதே வெயில் இருந்தும் காற்று அசையாத நாளில் அவ்வளவு சீக்கிரம் காய்வதில்லை. ஈரத் துணியை ஒட்டினாற்போல ஈரக் காற்றுப் படலம் ஒன்று தங்கி நிற்பதே இதற்குக் காரணம். அடிக்கும் காற்று அந்தப் படலத்தை அடித்துக்கொண்டு போய், அங்கே உலர்ந்த காற்றைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. காற்றடுப்பிலும் இதே வேலைதான் நடக்கிறது. 200 டிகிரி உஷ்ணத்தில் நடக்கிறது என்பது ஒன்றே வித்தியாசம்.

பழத்துக்கு இந்த வேலை எவ்வளவு அவசியம் என்பதை அடிப்பிடித்த சாதத்தை நினைத்துப் பார்த்தால் அறிந்துகொள்ளலாம். பானையில் ஜலம் இருக்கும் வரையில் நெருப்பை எவ்வளவு தூண்டிவிட்டாலும் சாதத்தின் உஷ்ணம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. வந்த உஷ்ணமெல்லாம் ஜலத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. ஜலம் வற்றியதுதான் தாமதம், அடி சிவக்கிறது, பிறகு கருகுகிறது. அன்னாசியில் நூற்றுக்கு 86 பங்கு ஜலம். ஆப்பிளிலும் ஏறக்குறைய அவ்வளவே. வாழைப்பழத்தில் 75 பங்கு. இவ்வளவு ஜலத்தைச் சுமந்துகொண்டிருக்கும் பழம் சிவக்க வேண்டுமானால், அதன் மேற்பரப்பாவது முதலில் உலர வேண்டும். வாணலியில் நிறைய பழத் துண்டங்களைப் போட்டால், ஒன்றிலிருந்து கசியும் சாறு மற்றொன்றை நனைத்து, எல்லாம் சேர்ந்து கூழாகின்றனவேயன்றிச் சிவப்பதில்லை. காற்றடுப்பில் கசிந்த சாறு கீழே சொட்டிவிடுகிறது. எழுந்த ஆவியைக் காற்று அடித்துப் போகிறது. உள்ளே மெத்தென்றும் மேலே முறுகலாகவும் பழம் அமைவதற்கு இதுவே காரணம்.

பாகின் ரகசியம்

மேற்பரப்பு உலர்ந்த பிறகு என்ன நடக்கிறது? பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டுவதில்லை. கம்பிப் பதம், உருட்டுப் பதம், தண்ணீரில் போட்டு எடுத்துத் தட்டினால் 'டங்' என்று ஓசையிடும் கடலை மிட்டாய்ப் பதம் என்று நம் வீட்டுப் பாட்டிமார் உஷ்ணமானியின் உதவியில்லாமலே பாகின் உஷ்ணத்தை அளந்தார்கள். கம்பிப் பதம் என்பது 110 டிகிரியை ஒட்டியது. கடலை மிட்டாய்ப் பதம் 150 டிகிரியை ஒட்டியது. அதற்கும் அப்பால், சுமார் 160 முதல் 170 டிகிரிக்குள், வெள்ளைச் சர்க்கரை தானே உடைந்து பழுப்பு நிறம் கொள்ளத் தொடங்குகிறது. அதுதான் கேரமல். அப்போது ஒரே இனிப்பாக இருந்த பொருளிலிருந்து வெண்ணெய் மணம், வறுத்த பருப்பின் மணம், இலேசான புளிப்பு, இலேசான கசப்பு என்று நூற்றுக்கணக்கான புதுப் பொருள்கள் பிறக்கின்றன.

பழத்தில் வெள்ளைச் சர்க்கரை மட்டும் இருப்பதில்லை. பழச் சர்க்கரையாகிய ஃப்ரக்டோஸும், குளுக்கோஸும் கலந்திருக்கின்றன. இவற்றில் ஃப்ரக்டோஸ் சுமார் 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். வெள்ளைச் சர்க்கரைக்கு முன்பாகவே பழம் சிவக்கும் ரகசியம் இதுவே. இதனுடன் இன்னொரு காரியமும் நடைபெறுகிறது. பழத்திலுள்ள சிறிதளவு புரதச் சத்தின் கூறுகள் சர்க்கரையுடன் கூடிப் பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912-ஆம் ஆண்டில் இதை முதன்முதலாக விவரித்த பிரெஞ்சு வைத்தியர் லூயி காமில் மாயார் என்பவரின் பெயராலேயே இந்த ரசாயன மாறுதல் இன்றும் வழங்குகிறது. தோசையின் முறுகலும், காப்பிக் கொட்டையின் வாசனையும், கரும்புச் சாறு கொப்பரையில் வெல்லமாகும்போது எழும் மணமும் பெரும்பாலும் இந்த இரண்டு மாறுதல்களின் விளைவே. ஆகவே, கேரமல் என்ற பெயர்தான் நமக்குப் புதிது. கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானுடைய முன்னோர்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அவ்வளவு நீண்ட காலமாகக் கரும்போடு பழகிய மக்களுக்குப் பாகின் பழுப்பு நிறம் அந்நியமாக இருக்க முடியாது.

இந்த இடத்தில் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். சுட்ட பழம் பச்சைப் பழத்தைவிட அதிகமாக இனிக்கிறது. சர்க்கரை பெருகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில், கேரமலாக மாறிய அளவுக்குச் சர்க்கரை சற்றுக் குறைந்தே போகிறது. ஜலம் போய்விட்டபடியால் எஞ்சிய சர்க்கரை நெருங்கி நின்று நாவைத் தொடுகிறது. அதனால் இனிப்பு மிகுதியாகத் தோன்றுகிறது. மேலே சர்க்கரையைக் கொட்டாமலே பழத்தைத் தித்திக்க வைக்கலாம் என்பதற்கு இதுவே ஆதாரம்.

எந்தப் பழம் தகும்?

சர்க்கரை மிகுந்து, சதைப்பற்று உறுதியாக இருக்கும் பழம் எதுவும் தகும். முதல் இடம் அன்னாசிக்கு. பச்சையாகத் தின்னும்போது அது நாக்கைப் பொத்துவிடுகிறது என்று பலர் முறையிடுவதுண்டு. அதற்கு ஒரு முக்கிய காரணம் அதிலுள்ள புரோமெலின் என்னும், புரதத்தைச் சிதைக்கும் பொருள். சுடும் உஷ்ணத்தில் அது அழிந்துவிடுகிறது. சுட்ட அன்னாசி நாக்குக்கு இதமாக இருப்பதன் காரணம் விளங்குகிறதல்லவா?

அடுத்தது நேந்திரம் பழம். தோலில் கரும்புள்ளிகள் விழுந்த பழமாக இருக்க வேண்டும். வாழைக்காயில் மாவுச் சத்தாக இருப்பதுதான் கனியக் கனியச் சர்க்கரையாக மாறுகிறது. மாவாக இருக்கும் நிலையில் அது வறுபடுமேயன்றிப் பாகாகாது. பூவன், ரஸ்தாளி போன்ற மெல்லிய பழங்களைத் தோலை உரித்து வைத்தால் குழைந்துவிடும். அவற்றைத் தோலுடனேயே நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, பிளந்த பக்கம் மேலே இருக்கும்படி வைக்கலாம். தோல் ஒரு தோணிபோல் நின்று சதையைத் தாங்கிக்கொள்ளும்.

ஆப்பிளும் பேரிக்காயும் இதற்கு மிகவும் ஏற்றவை. மாம்பழத்தில் சாறு ததும்பும் ரகங்களை விட்டுவிட்டு, பங்கனப்பள்ளி போன்ற கெட்டியான ரகத்தைச் சற்று இளங்கனியாக எடுத்துக்கொள்ளலாம். தர்ப்பூசணியை மட்டும் இந்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டாம். நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் ஜலமாயிருக்கும் அந்தப் பழம், சிவப்பதற்கு முன்பே சுருங்கித் தளர்ந்துபோய்விடும்.

செய்முறை

அன்னாசியைத் தோல் சீவிக் கண்களை எடுத்து, நடுத் தண்டையும் நீக்கி, ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள வில்லைகளாக நறுக்கிக்கொள்ளவும். சுத்தமான பருத்தித் துணியின் மேல் வில்லைகளைப் பரப்பி, மேலே மற்றொரு துணியால் ஒற்றி, பத்து நிமிஷம் அப்படியே விட்டுவிடவும். பலர் இந்தப் பத்து நிமிஷத்தை வீண் என்று கருதித் தாண்டிப் போகிறார்கள். துணி உறிஞ்சுகிற ஒவ்வொரு துளி ஜலமும் அடுப்பில் ஆவியாக வேண்டிய துளியல்லவா? பாதி வேலை துணியிலேயே முடிந்துவிடுகிறது.

அந்த நேரத்தில் காற்றடுப்பை 200 டிகிரியில் மூன்று நிமிஷம் வெறுமனே காயவைக்கலாம். பிறகு வில்லைகளின் இரண்டு பக்கங்களிலும் உருக்கிய நெய்யை மெல்லப் பூசவும். 200 கிராம் பழத்துக்கு ஒரு சிறு கரண்டி நெய் போதும். நெய் ஒட்டாமல் காப்பதுடன், மேற்பரப்பு முழுவதும் உஷ்ணம் சமமாகப் பரவவும் உதவி செய்கிறது. வில்லைகளைக் கூடையில் ஒரே அடுக்காக, ஒன்றையொன்று தொடாதபடி வைக்கவும். காற்று புகுவதற்கு இடமில்லாவிட்டால் காற்றடுப்பு வெறும் ஆவியடுப்பாகிவிடும். ஆறு நிமிஷம் கழித்துத் திருப்பிப்போட்டு, மறுபடியும் நாலு முதல் ஆறு நிமிஷம் வைத்தால் ஓரங்கள் பொன்னிறமாகவும் நடு நடுவே செம்பழுப்பாகவும் மாறிவிடும். ஏலப்பொடி ஒரு சிட்டிகையோ, மிளகுப்பொடி ஒரு சிட்டிகையோ தூவி உண்ணலாம். அன்னாசியும் மிளகும் நல்ல ஜோடி.

நேந்திரம் பழத்தைச் சாய்வாக, விரல் பருமனுள்ள துண்டங்களாக அரிந்து, 190 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிஷம் வரையில் வைக்கலாம். ஆப்பிளையும் பேரிக்காயையும் விதை நீக்கி எட்டுத் துண்டங்களாக்கி, 180 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிஷம் வைக்கவும். பிளந்த சிறு வாழைப்பழங்களுக்கு 190 டிகிரியில் ஆறு முதல் எட்டு நிமிஷம் போதும். இவையெல்லாம் வழிகாட்டும் அளவுகளே. யந்திரத்துக்கு யந்திரம் பலம் மாறுபடும். பழத்துக்குப் பழம் ஈரம் மாறுபடும். கடைசி மூன்று நிமிஷம் அருகிலேயே நின்று, ஒருமுறைக்கு இருமுறை கூடையை இழுத்துப் பார்க்க வேண்டியது அவசியம். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் இடையில் இருப்பது ஒரு நிமிஷந்தான்.

பழம் புளிப்பாயிருந்து, சிறிது இனிப்புச் சேர்த்தே ஆகவேண்டும் என்றால், அதைக் கடைசி மூன்று நிமிஷத்தில் சேர்க்கவும். ஒரு சிறு கரண்டி நாட்டுச் சர்க்கரையை அரைக் கரண்டி நெய்யில் குழைத்துத் தடவினால் போதும். ஆரம்பத்திலேயே தடவினால், பழம் சுடுவதற்குள் சர்க்கரை கருகிவிடும். பொடியாகத் தூவினாலோ, விசிறிக் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்க் கம்பிச் சுருளில் ஒட்டிவிடும்.

சில எச்சரிக்கைகள்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இந்தச் சிறு பெட்டிக்குள் அடிக்கும் காற்றில் அம்மி பறக்காவிட்டாலும், கூடைக்கு அடியில் விரிக்கும் வெண்ணெய்க் காகிதம் நிச்சயமாகப் பறக்கும். மேலே பாரமில்லாமல் காகிதத்தை மட்டும் வைத்து அடுப்பைக் காயவைத்தால், அது எழும்பிக் கம்பிச் சுருளைத் தொட்டுத் தீப்பற்றக்கூடும். காகிதம் போடுவதானால் பழத்துடன் சேர்த்தே போட வேண்டும். காற்று இறங்குவதற்கு அதில் துவாரங்களும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மின்சார இணைப்பு. இந்த அடுப்புகளில் பல 1500 வாட் அளவு மின்சாரம் இழுப்பவை. 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியருக்குச் சமம். ஆகையால் கைபேசிக்கு மின்னேற்றும் சிறிய ஆறு ஆம்பியர் துளையிலோ, பல சாதனங்கள் மாட்டிய நீட்டுக் கம்பியிலோ இதைச் செருகலாகாது. பதினாறு ஆம்பியர் கொண்ட பெரிய துளையே ஏற்றது. செலவைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. கால் மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் அரை யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகும்.

மூன்றாவது எச்சரிக்கை குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மிகவும் முக்கியமானது. உருகிய பாகு கொதிக்கும் ஜலத்தைவிட அபாயகரமானது. அதன் உஷ்ணமும் அதிகம். தோலில் விழுந்தால் வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டும் சுடும். கூடையிலிருந்து எடுத்த பழத்தை ஐந்து நிமிஷமாவது ஆறவிட்டுத்தான் குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டும். ஆறினால்தான் மேற்பாகு இறுகி முறுகல் கிடைக்கும் என்பதால், ருசிக்கும் அதுவே நல்லது. கூடையில் ஒட்டிய பாகைக் கத்தியால் சுரண்ட வேண்டாம். கூடை ஆறிய பிறகு வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுவிட்டால் பாகு தானே கரைந்துவிடும். சுரண்டினால், ஒட்டாதிருப்பதற்காகப் பூசியிருக்கும் மேற்பூச்சு கெட்டுப்போகும்.

சர்க்கரைக் கணக்கு

இனி, ஆரம்பத்தில் சொன்ன லாபத்துக்கு வருவோம். பிரான்ஸ் தேசத்தில் லாமோத்-பெவ்ரோன் என்னும் ஊரில், தாத்தின் சகோதரிகள் என்னும் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடத்திய ஹோட்டலால் புகழ்பெற்ற ஆப்பிள் பணியாரம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1951-ஆம் ஆண்டில் தோன்றிய வாழைப்பழச் சிற்றுண்டி ஒன்றும் உலகப் பிரசித்தம். இரண்டிலும் வெண்ணெயும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்ந்து உருகிய பாகில் பழம் மிதக்கிறது. அவற்றின் பெருமையே அந்தப் பாகுதான். அந்த ருசி வேண்டுகிறவர்கள் வாணலியைத்தான் நாட வேண்டும். துவாரங்கள் நிறைந்த கூடையில் பாகு தங்காது. காற்றடுப்பின் இந்தக் குறையே நமக்கு அநுகூலமாகிறது: பழத்தைப் பாகில் மிதக்கவிட முடியாதபடியால், பழத்திலுள்ள இனிப்பைக்கொண்டே காரியத்தை முடிக்க வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 கிராம் அன்னாசியில் இயற்கையாக இருக்கும் சர்க்கரை சுமார் 20 கிராம். வாணலியில் பாகு காய்ச்சிப் பழத்தைப் புரட்டும்போது இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை சேர்ப்பது சாதாரணம். அது ஏறக்குறைய 25 கிராம். ஆக, பழத்தில் இருந்ததைவிட அதிகமான சர்க்கரையை நாம் வெளியிலிருந்து சேர்க்கிறோம். உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட யோசனையின்படி, மேலே சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு முதலியவற்றிலுள்ள சர்க்கரையும் சேர்ந்து ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் அடங்கியிருப்பது உத்தமம். முழுப் பழத்தின் சதைக்குள் இருக்கும் சர்க்கரையை அவர்கள் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே அந்த இரண்டு கரண்டிச் சர்க்கரையே ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குரிய அளவு. காற்றடுப்பு அந்த இரண்டு கரண்டியையும் அநாவசியமாக்கிவிடுகிறது. எண்ணெய் மிச்சத்தைவிட இந்த மிச்சம் எவ்வளவு மேலானது!

நம் நாட்டில் இந்தக் கணக்கு விளையாட்டுக் கணக்கல்ல. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுடன் சேர்ந்து தேசமெங்கும் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் பத்துக் கோடிக்கும் அதிகமானவர்கள் நீரிழிவு உள்ளவர்கள். நம்மில் எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும், பந்தியில் பாயசம் வரும்போது இலையைக் கையால் மறைத்துக்கொள்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார்.

அந்தப் பெரியவரை ஏமாற்றுவதற்கு இந்த யந்திரத்தைக் கருவியாக்கக் கூடாது. 'எண்ணெய் இல்லை, சர்க்கரை போடவில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள், மாமா' என்று உபசாரம் செய்வது பெரிய தவறு. பழத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு எடை ஆவியாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். போனது ஜலமேயொழியச் சர்க்கரையன்று. 20 கிராம் சர்க்கரை அநேகமாக அப்படியே இருக்கிறது; ஆனால் தட்டில் பழம் கொஞ்சமாகத் தோன்றுகிறது. பச்சைப் பழத்தில் நாலு வில்லை தின்று போதும் என்கிறவர், சுட்ட பழத்தில் எட்டு வில்லையைக் கணக்கின்றி விழுங்கிவிடலாம். ஆகையினால், எடுத்துக்கொள்ளும் அளவைச் சுடுவதற்கு முன்பே தீர்மானம் செய்ய வேண்டும். வைத்தியர் எத்தனை வில்லை பழம் சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறாரோ அத்தனை வில்லையைத் தனியே எண்ணி வைத்துச் சுட்டுக் கொடுத்தால் வஞ்சனையுமில்லை, ஏக்கமுமில்லை. பண்டிகை நாளில் எல்லோரோடும் உட்கார்ந்து, இனிப்பான ஒரு பண்டத்தைத் தாமும் ருசித்து உண்டோம் என்ற சந்தோஷம் அவருக்குக் கிடைக்கும். அந்தச் சந்தோஷத்தை அற்பமாக நினைக்க வேண்டாம்.

முதல் முயற்சி

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முழு அன்னாசியையும் நறுக்கிவிட வேண்டாம். நாலே நாலு வில்லைகளை எடுத்துத் துணியில் ஒற்றி, இரண்டுக்கு மட்டும் நாட்டுச் சர்க்கரை தடவிச் சுட்டு, எதில் எது என்று சொல்லாமல் வீட்டிலுள்ளவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். சர்க்கரை சேராத வில்லையே அன்னாசியின் மணத்தை நன்றாகக் காட்டுகிறது என்று பலர் சொல்லக்கூடும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடமே முதலில் நீட்ட வேண்டும். காற்றடுப்பின் விசையைத் திருகுவது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பாகு பதத்தில் நிற்கிறதா, தாண்டிவிட்டதா என்பதை வாசனையைக்கொண்டே சொல்ல அவருக்குத் தெரியும். எந்த யந்திரத்தின் கடிகாரமும் அதைச் சொல்வதில்லை. இன்னும் ஒரு நிமிஷம் வைக்கலாம் என்று அவர் சொன்னால், ஒரு நிமிஷம் வைத்துத்தான் பாருங்களேன்!